சர்நேம் இல்லாதவர்களும் டேட்டாபேஸின் வட்டார வழக்கும்

வழக்கமாக வட்டி, நாமினி, லாக்கர் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இந்தத் தடவை பொட்டி தட்டுகிறவர்கள் ஏரியாவுக்குள் கால் வைக்கிறேன். பி.காம். படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயம் சுற்றிச் சுற்றி நம் பிள்ளைகளின் பெயரில் வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். கம்ப்யூட்டர்காரர்கள் "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா" என்று பாதியில் ஓட வேண்டாம், உங்களுக்கும் கடைசியில் ஒரு வேலை வைத்திருக்கிறேன் :-)

முதலில் அடிப்படை. அந்தக் காலத்து லெட்ஜர் இப்போது டேட்டாபேஸ் ஆகிவிட்டது. லெட்ஜரில் பக்கம், இங்கே டேபிள். அதனிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்.க்யூ.எல். "இரண்டு வருஷமாக வரவு செலவு இல்லாத கணக்குகளைக் கொடு" என்று அதில் எழுதினால், லெட்ஜரைப் புரட்டாமலே பட்டியல் வந்துவிடும். 1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் இந்த டேபிள் யோசனையைக் கட்டுரையாக எழுதினார். 1974-ல் அதே கம்பெனியின் சாம்பர்லினும் பாய்ஸும் அதற்கு ஒரு மொழி செய்தார்கள். அப்போது அதன் பெயர் சீக்வெல்.

மொழி ஒன்றுதான், ஆனால் பேசுகிறவர்கள் பலர். ஆரக்கிள் 1979-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்கத் தர நிறுவனம் எஸ்.க்யூ.எல்.லுக்கு இலக்கணம் எழுதி முடித்தது 1986-ல். அதற்குள் ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய் "நாளையிலிருந்து மாற்றிப் பேசுங்கள்" என்று சொல்ல முடியுமா? அதனால் ஆரக்கிள், எஸ்.க்யூ.எல். சர்வர், மை-எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்று ஆளுக்கொரு வழக்கு. இதை அவர்களே 'டயலெக்ட்' என்றுதான் சொல்கிறார்கள். அச்சு அசலாக நம் வட்டார வழக்குதான்.

எனக்கு இது புரிந்தது ஒரு குமரி மாவட்டத்துத் தம்பியால். மும்பையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன புரோகிராமை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் வேலை நடந்தது. எழுதுவது அவர் வேலை. எழுதியது சரியா என்று வங்கிக்காரன் கண்ணால் சோதிப்பது என் வேலை.

"சார், வழக்கு ரெண்டு விதத்துல மாறும். நீங்க 'அந்தப் பக்கம்'னு சொல்லுவீங்க, மதுரைக்காரங்க 'அங்கிட்டு'ன்னு சொல்லுவாங்க. சொல்லு வேற, அர்த்தம் ஒண்ணு. ஆனா எங்க ஊருல குடிக்க வெள்ளம் கேப்போம். மெட்ராஸ்ல வெள்ளம்னா வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடுவாங்க. சொல்லு ஒண்ணு, அர்த்தம் வேற. முதல் வகையை மிஷினே மொழிபெயர்த்துடும். ரெண்டாவதுலதான் ஆள் மாட்டுவான்."

இதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பதிவு முழுக்க இதுதான்.

மொழிபெயர்க்கும் மிஷின் என்றாரே, அதற்குப் பெயர் ஓ.ஆர்.எம். லைப்ரரி. புரோகிராம் எழுதுகிறவர் நேரடியாக எஸ்.க்யூ.எல். எழுதாமல், 'வாடிக்கையாளர்', 'கணக்கு' என்று தன் மொழியிலேயே எழுதுவார். எதிரில் இருப்பது ஆரக்கிளா போஸ்ட்கிரெஸா என்று பார்த்து, அதன் வழக்கில் எஸ்.க்யூ.எல். எழுதிக் கொடுப்பது லைப்ரரியின் வேலை. ஜாவாக்காரர்களுக்கு 2001-ல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட். பைதான்காரர்களுக்கு 2005-ல் வெளிவந்த ஜாங்கோவுக்குள் ஒன்று, 2006-ல் மைக் பேயர் கொண்டுவந்த எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி ஒன்று. எங்கள் தம்பி பயன்படுத்தியது இந்த ஆல்கெமி. இவை ஒவ்வொன்றிலும் டேட்டாபேஸுக்கு ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறார்.

துபாஷிகள் முதல் வகையில் கில்லாடிகள். "முதல் பத்துக் கணக்கைக் கொடு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மை-எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் மூன்றிலும் கேள்வியின் கடைசியில் 'லிமிட் 10'. எஸ்.க்யூ.எல். சர்வரில் கேள்வியின் தொடக்கத்திலேயே 'டாப் 10'. பழைய ஆரக்கிளில் 'ரோநம்' என்று ஒரு எண். அது கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. கேஷ் கவுண்டரில் வந்தவருக்கெல்லாம் டோக்கன் கொடுத்துவிட்டு, அப்புறம் வயதுப்படி வரிசையில் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் பத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் மூத்த பத்துப் பேராக இருக்க மாட்டார்கள். ரோநம் அப்படித்தான், வரிசைப்படுத்துவதற்கு முன்பே நம்பர் கொடுத்துவிடும். அதனால் முதலில் வரிசைப்படுத்தும் கேள்வியை உள்ளே வைத்து, வெளியே இன்னொரு கேள்வியால் மூட வேண்டும். துபாஷி இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவார்.

2008-ம் வருஷத் தரத்தில் இதற்குப் பொதுவாக 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்' என்று ஒரு சொல் வைத்தார்கள். எஸ்.க்யூ.எல். சர்வர் அதை 2012-ல் எடுத்துக்கொண்டது, ஆரக்கிள் 2013-ல். இன்றும் 'லிமிட்', 'டாப்' எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் 'அங்கே' என்று இருப்பதால் மதுரையில் 'அங்கிட்டு' போய்விட்டதா என்ன?

இதுவரை சுகம். இனிமேல்தான் வெள்ளம்.

முதல் வெள்ளம், வகுத்தல். 9-ஐ 12-ஆல் வகுத்தால் எவ்வளவு? நாலாம் வகுப்புக் குழந்தைகூட முக்கால் என்று சொல்லிவிடும். ஆரக்கிளும் மை-எஸ்.க்யூ.எல்.லும் 0.75 என்றுதான் சொல்லும். போஸ்ட்கிரெஸ், எஸ்.க்யூ.எல். சர்வர், எஸ்க்யூலைட் மூன்றும் பூஜ்யம் என்று சொல்லும். இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண் என்பது அவற்றின் வழக்கம். 10,000 ரூபாய்க்கு 8 சதவீதம், 9 மாதத்துக்குத் தனிவட்டி எவ்வளவு? 600 ரூபாய். மாதத்தை முதலில் 12-ஆல் வகுத்து எழுதியிருந்தால், போஸ்ட்கிரெஸில் வட்டி பூஜ்யம். எங்கேயும் 'எர்ரர்' என்று சிவப்பு எழுத்தில் வராது. வட்டி மட்டும் வராது!

இந்த இடத்தில் ஆல்கெமிக்காரர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். 2023-ல் வந்த 2.0-விலிருந்து, பைதானில் வகுத்தல் குறி போட்டால் எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் முக்கால் முக்காலாகவே வரும்படி எஸ்.க்யூ.எல். எழுதிக் கொடுக்கிறது. மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டுமானால் அதற்குத் தனிக் குறி. வார்த்தையை மாற்றுவதோடு நிற்காமல் அர்த்தத்தையும் காப்பாற்றுகிற துபாஷி என்றால் இதுதான்.

இரண்டாவது, பைசா. எஸ்க்யூலைட்டில் ரூபாய் பைசாவைத் துல்லியமாக வைக்கிற தசம வகையே கிடையாது. தோராயமான மிதவைப் புள்ளி எண்தான். பல புரோகிராமர்கள் தங்கள் லேப்டாப்பில் எஸ்க்யூலைட்டில் சோதித்துவிட்டு, நிஜ வேலைக்கு வேறு டேட்டாபேஸுக்குப் போவார்கள். அங்கே ஆல்கெமி, "இவருக்குத் தசமம் பேசத் தெரியாது, கூட்டல் கணக்கில் பிசகு வரலாம்" என்கிற அர்த்தத்தில் எச்சரிக்கை காட்டிவிடுகிறது. சரிசெய்ய முடியாததைச் சரிசெய்ததாகப் பாவனை செய்யாமல், வாய் திறந்து சொல்லிவிடுகிறது. இதுவும் நல்ல துபாஷிக்கு அடையாளம்தான்.

மூன்றாவதுதான் நம் பெயர்க் கதை.

டேட்டாபேஸில் 'நல்' என்று ஒன்று உண்டு. தமிழில் நல்ல வார்த்தை, அங்கே 'தெரியாது' என்று அர்த்தம். ஒருவருடைய சர்நேம் கட்டத்தில் 'நல்' இருந்தால், அவர் சர்நேம் என்னவென்று நமக்குத் தெரியாது என்று பொருள். வெற்று எழுத்து என்பது வேறு. அங்கே எதுவும் இல்லை என்பது நமக்குத் தெரியும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவதற்கும், கோடு இழுத்து 'இல்லை' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

போஸ்ட்கிரெஸுக்கு இந்த இரண்டும் வேறு வேறு. மை-எஸ்.க்யூ.எல்., எஸ்.க்யூ.எல். சர்வருக்கும் அப்படித்தான். ஆரக்கிளுக்கு மட்டும் இரண்டும் ஒன்று. வெற்று எழுத்தைக் கொடுத்தால் அதை 'நல்' ஆக்கித்தான் உள்ளே வைக்கும். ஆரம்பத்திலிருந்தே அப்படி.

நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வடக்கே குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும். மராத்தியில் 'ஆட்நாவ் காய்?', இந்தியில் 'சர்நேம் க்யா ஹை?' ஸ்கூல் அட்மிஷனில் கேட்பார்கள், கேஸ் கனெக்‌ஷனில் கேட்பார்கள், ஹவுசிங் சொசைட்டியில் கேட்பார்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டவர்கள் உண்டு. ஊர்ப் பெயரைப் போட்டவர்கள் உண்டு. ஒரு புள்ளி வைத்துத் தப்பித்தவர்கள் உண்டு. விமான டிக்கெட்டில் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதி 'முருகன் முருகன்' ஆனவர்களும் உண்டு. இதையெல்லாம் செய்யாமல், கட்டத்தைக் காலியாகவே விட்டவர்கள் நிறையப் பேர்.

எங்கள் புரோகிராமின் வேலை, செயல்படாத கணக்குக்காரர்களுக்குக் கடிதம் அச்சடிப்பது. இரண்டு வருஷம் வாடிக்கையாளர் தரப்பில் வரவு செலவு இல்லையென்றால் கணக்கு செயல்படாதது ஆகிவிடும். பத்து வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தால், 2014-ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய டெபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் பணம் போய்விடும். அங்கே போன பிறகும் வங்கி மூலம் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் கணக்கு இருப்பதே தெரியாத குடும்பம் எதைக் கேட்கும்? அதனால் அந்தக் கடிதம் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சோதனைக்கு நான் கொடுத்த பெயர்ப் பட்டியலில் தேஷ்பாண்டே, சர்மா, பானர்ஜி எல்லாம் இருந்தார்கள். வேண்டுமென்றே சர்நேம் இல்லாத நம்மாட்கள் சிலரையும் சேர்த்திருந்தேன். போஸ்ட்கிரெஸிலிருந்து அச்சாகி வந்தபோது தேஷ்பாண்டேவுக்கும் சர்மாவுக்கும் கடிதம் அழகாக இருந்தது. நம்மாட்களுக்கு 'அன்புள்ள' என்பதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சர்நேம் இல்லாதது சரி, சொந்தப் பெயரும் காணோம்!

தம்பி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு விளக்கினார். புரோகிராமில் இருந்தது சாதாரணக் கட்டளைதான். பெயரோடு ஒரு இடைவெளி, அதோடு சர்நேம், மூன்றையும் ஒட்டு. ஒட்டுவதற்கு ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் இரண்டு செங்குத்துக் கோடு போட வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரில் காலங்காலமாகக் கூட்டல் குறி. மை-எஸ்.க்யூ.எல்.லில் 'கான்கேட்'. ஆல்கெமி சரியாகவே இரண்டு கோடு போட்டிருந்தது. மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் அந்த இரண்டு கோட்டுக்கு ஆரக்கிளில் அர்த்தம், 'நல்' வந்தால் அதை விட்டுவிட்டு மற்றதை ஒட்டு. போஸ்ட்கிரெஸில் அர்த்தம், ஒரு பாகம் தெரியாது என்றால் முழுப் பெயரும் தெரியாது. ஆரக்கிளிலிருந்து வந்த காலி சர்நேம் எல்லாம் 'நல்' ஆக வந்திருந்தன. முருகனோடு தெரியாததை ஒட்டினால் முருகனும் தெரியாதவராகிவிட்டார்.

இதே இடத்தில் ஜாங்கோ வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அதன் 'கான்கேட்' வசதி, எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் 'நல்'லை வெற்றாக எடுத்துக்கொண்டுதான் ஒட்டும். ஆரக்கிளிலிருந்து எழுத்துக் கட்டத்தில் 'நல்' வந்தால், அது வெற்று எழுத்துதான் என்று அனுமானித்து மாற்றிக் கொடுக்கும். இப்படி அனுமானிக்கிறோம் என்று தன் கையேட்டில் வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறது. ஆல்கெமியோ, உன் டேட்டாபேஸின் குணத்தை நான் மறைக்க மாட்டேன், நீதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்துவிடுகிறது. எது சரி என்று தம்பிக்கும் எனக்கும் இரண்டு நாள் விவாதம். ஒரு துபாஷி நாசூக்காகச் சமாளிக்கிறார், இன்னொருவர் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். என் கட்சி, எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த வகையில் இருவரும் பாஸ்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். "சர்நேமைக் கட்டாயமாக்கிவிடுங்கள். இல்லாதவர்களுக்கு எக்ஸ் என்று போட்டுவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது."

எனக்குச் சுருக்கென்றது. புரோகிராமில் ஒரு வரியை மாற்றுவதற்குச் சோம்பல்பட்டு, ஊரில் இருக்கிற மனிதர்களின் பெயரை மாற்றுவதா? நாளைக்கு அந்த 'எக்ஸ்' ஆதாரோடும் பான் கார்டோடும் ஒத்துப்போகாது. அதற்கு அவர்கள்தான் நோட்டரியிடம் போய் அஃபிடவிட் வாங்க வேண்டும். அப்பா மறைந்த பிறகு பிள்ளைகள் க்ளெய்ம் பண்ண வந்தால், இந்த எக்ஸ் யார் என்று கவுண்டரில் கேட்பார்கள். 2023-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த உத்கம் தளத்திலும் கேட்பாரற்ற டெபாசிட்டைத் தேடுவது பெயரை வைத்துத்தான். "சார், சர்நேம் இல்லாதது குறை இல்லை. அவர் பெயரே அவ்வளவுதான்" என்று சொன்னேன். நல்லவேளை, கேட்டுக்கொண்டார்.

தம்பி 'கோயலெஸ்' என்ற வசதியால் 'நல்' வந்தால் வெற்று என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதினார். கடிதங்களில் பெயர் வந்துவிட்டது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. 'நல்' ஆக வந்திருந்தவர்களில் சிலருக்கு நிஜமாகவே சர்நேம் கிடையாது. சிலருக்கு உண்டு, கணக்கு தொடங்கும்போது யாரும் பதியவில்லை. இந்த இரண்டு பேரையும் ஆரக்கிள் ஒரே மாதிரி வைத்திருந்ததால், இனி எந்தக் கெட்டிக்காரத் துபாஷியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே போகும்போதே தொலைந்துவிட்ட வித்தியாசம் அது. கடைசியில் கிளைகளுக்குப் பட்டியல் அனுப்பி, பழைய கணக்குத் தொடக்க விண்ணப்பங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். காகிதத்தில் கோடு இழுத்திருந்தால் வெற்று, கட்டம் காலியாக இருந்தால் 'நல்'. எத்தனை கம்ப்யூட்டர் வந்தாலும் பதில் பரணில் இருந்த பழைய ஃபைலில்தான் கிடைத்தது.

இப்போது அந்த வேலை. உங்கள் வீட்டில் பொட்டி தட்டுகிற பிள்ளைகள் இருந்தால், டேட்டாபேஸ் மாற்றும்போது சோதனைப் பட்டியலில் மூன்று பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சர்நேம் இல்லாத ஒருவர். ஒன்பது மாத டெபாசிட் வைத்திருக்கும் ஒருவர். கடைசி வரவு செலவுத் தேதியே இல்லாத ஒருவர். இந்த மூன்றாமவர் எதற்கு என்றால், தேதியை ஏறு வரிசையில் அடுக்கினால் ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் அவரைக் கடைசியில் தள்ளும், மற்ற மூன்றும் முதலில் நிறுத்தும். முதல் நூறு பேருக்கு மட்டும் கடிதம் என்றால், அவருக்குக் கடிதம் போகுமா போகாதா என்பது டேட்டாபேஸைப் பொறுத்தது. 'நல்' முதலில் வரட்டும், கடைசியில் வரட்டும் என்று வாய்விட்டுச் சொல்ல லைப்ரரிகளில் வழி இருக்கிறது. சொன்னால்தான் நடக்கும்.

பொட்டி தட்டாதவர்களுக்கு வேலை இன்னும் சின்னது. ஊர் ஊராக மாற்றலாகி வந்தவர்கள் நாம். நாலைந்து ஊரில் பழைய பாஸ்புக் இருக்கும். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் விரிந்து இருந்தால், ஒரு விண்ணப்பம் எழுதிச் சரிசெய்துவிடுங்கள்.

பி.கு: இதையெல்லாம் தங்கமணியிடம் விளக்கியபோது, "அப்ப நம்ம பையனுக்கு சர்நேம் நல்லா, வெற்றா?" என்று கேட்டாள். வெற்றுதான் என்றேன். "அதை அந்த ஸ்கூல்ல போய்ச் சொல்லுங்க" என்கிறாள். அடுத்த வாரம் பேரண்ட்ஸ் மீட்டிங்.